எலியாவின் வெள்ளிக்கிழமைப் பானை

வெள்ளிக்கிழமை. மாலை நான்கு ஐம்பத்திரண்டு. சைரன்.

முதலில் கீழே இருந்து எழும்பும். மேலே போய் நிற்கும். இறங்கும். மறுபடி ஏறும். குண்டு வந்து விழ எங்கள் கிராமத்துக்கு முப்பது விநாடி. எல்லை அவ்வளவு பக்கம்.

சக்கர நாற்காலியைத் தள்ளுகிறேன். எலியா உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையால் தலைத்தொப்பியைப் பிடித்திருக்கிறார். மேசையில் இரண்டு மெழுகுவர்த்தி எரிகிறது. வெள்ளைத் துணிக்கு அடியில் இரண்டு ரொட்டி. நடைவழியின் கடைசியில் பாதுகாப்பு அறை. கான்கிரீட் சுவர். இரும்புக் கதவு. கதவு ஒரு ஆள் கனம் இருக்கும். நாற்காலியில் இருக்கிறவரால் அதை இழுக்க முடியாது.

எண்ணிக்கொண்டே தள்ளுகிறேன். பன்னிரண்டில் அவரை உள்ளே விட்டுவிட்டேன். இன்னும் பதினெட்டு இருக்கிறது. கதவை இழுத்துக் கைப்பிடியைத் திருக மூன்று விநாடி போதும்.

கதவை நான் இழுக்கவில்லை. சமையலறைக்கு ஓடினேன். அடுப்பை அணைக்க.

“வேலா! வாதில்! வாதில் அடய்க்கு!”

கதவை அடை என்கிறார். மலையாளத்தில். என் கை அடுப்பின் குமிழில் இருக்கிறது. திருகினேன். நீல நெருப்பு படக்கென்று போனது. காற்று முழுவதையும் யாரோ உறிஞ்சியதுபோல் இருந்தது. பிறகு சத்தம். பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

குண்டு முற்றத்தில் விழுந்தது. நடைவழிச் சன்னல் உள்ளே வந்தது. இரும்புச் சில்லுகள் திறந்திருந்த கதவு வழியாகப் போயின. நான் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தேன். இடது காதில் ரத்தம். வேறு ஒரு கீறல் கிடையாது. எழுந்தேன். ஓடினேன். கதவின் கைப்பிடியை அப்போது பிடித்தேன். அங்கேயே விழுந்தேன்.

மீட்புப் படையினர் வந்தபோது என் கை கைப்பிடியில் இருந்தது. கதவை மூடப் போனவன் என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். அப்படியே எழுதினார்கள். எலியாவின் மகளிடமும் அதையே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. ஒரு வருஷம் மறுக்கவில்லை. இதை எழுதுவது அதற்காகத்தான்.

என் பெயர் வேல்ச்சாமி. பிறந்தது கான்சாபுரம். இருப்பது ராஜபாளையம். பதினேழு வருஷம் பட்டாளத்தில் சமையல்காரன். அங்கே சமையல்கூடத்தை லங்கர் என்பார்கள். லங்கரில் முதல் பாடம் உப்பு அல்ல. சங்கு ஊதினால் முதலில் அடுப்பை அணை. பிறகு ஓடு. கூடாரம் பற்றிக்கொண்டால் எதிரி தேவையில்லை என்பார் எங்கள் சுபேதார். பதினேழு வருஷம் அந்தப் பழக்கத்தைக் கைக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு சண்டையும் பார்க்கவில்லை. ரொட்டி சுட்டே ஓய்வு பெற்றேன். சண்டையைப் பார்த்தது ஒரு கிழவருக்குக் கால் பிடித்துவிடப் போன இடத்தில். தலையெழுத்தைப் பாருங்கள்.

மனைவி செல்வி இறந்த பிறகு வீடு கடித்தது. பிள்ளை இல்லை. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் படித்துவிட்டு இஸ்ரேல் போனேன். தூக்கி இறக்க ஆண்பிள்ளை வேண்டும் என்று எலியா வீட்டில் கேட்டிருந்தார்கள். முதல் நாள் கட்டிலில் இருந்து தூக்கியபோது வலியில் “எந்தம்மே” என்று கத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொச்சியில் பிறந்த யூதர். பத்து வயதில் கப்பலேறியவர். எண்பதை நெருங்கும் மனிதருக்கு மலையாளத்தில் மட்டும் இன்னும் பத்து வயசு. நான் தமிழில் பேசுவேன். அவர் மலையாளத்தில் பதில் சொல்வார். இருவருக்கும் அது போதும்.

முதல் வெள்ளிக்கிழமையே சண்டை வந்தது. மதியம் மூன்று மணிக்கு ஒரு பெரிய பானையைக் கொண்டுவரச் சொன்னார். அரிசி, கோழி, உருளைக்கிழங்கு, இஞ்சி, மஞ்சள், மல்லி. மேலே ஓட்டோடு ஆறு முட்டை. மூடி போட்டு, அடுப்பின்மேல் ஒரு தகடு வைத்து, தகட்டின்மேல் பானை. சின்னத் தீ. நாளை மதியம்வரை எரியட்டும் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். அரிசிக்கு இருபது நிமிஷம். கோழிக்கு முக்கால் மணி நேரம். இதுக்கு இருபது மணி நேரமா? கஞ்சிதான் மிஞ்சும் என்றேன்.

அவர் சிரித்தார். வெள்ளி சூரியன் விழுந்தால் சனி இருட்டும்வரை ஓய்வு நாள். நெருப்பு மூட்டக் கூடாது. அணைக்கவும் கூடாது. ஆனால் ஓய்வு நாளில் ஆறிய சோறு தின்றால் அது பண்டிகையா? அதனால் சூரியன் இருக்கும்போதே பானை ஏறிவிடும். அதற்கு ஹமீன் என்று பெயர். சூடானது என்று அர்த்தம். சனி மதியம் மூடியைத் திறந்தார். வீடு முழுக்க வாசனை. அரிசி குழையவில்லை. அடியில் பொன்னிறமாகப் பிடித்திருந்தது. முட்டையை உரித்தால் வெள்ளைக்கரு பழுப்பு. காப்பி நிறம். இரவு முழுக்க நெருப்பு பார்த்த முட்டை மட்டும் அந்த நிறத்துக்கு வரும். நான் வாயை மூடிக்கொண்டு மூன்று தட்டு சாப்பிட்டேன்.

அந்த ஊரில் சனிக்கிழமை மதியம் நடந்து போனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாசனை. விதி ஒன்று. பானை வேறு. எதிர்வீட்டு மிரியம் மொரோக்கோவிலிருந்து வந்தவள். அவள் பானையில் கொண்டைக்கடலையும் கோதுமையும். போலந்துக் குடும்பத்துப் பானையில் பார்லியும் பீன்ஸும். பாக்தாத்துக்காரர்கள் கோழி வயிற்றுக்குள் அரிசியை அடைப்பார்கள். எந்த மண்ணில் வாழ்ந்தார்களோ அந்த மண்ணின் தானியம் பானைக்குள் வந்துவிட்டது. பலரை அந்த மண்ணிலிருந்து துரத்தினார்கள். பானை கூடவே வந்தது. “ஞங்ஙளை ஆரும் ஓடிச்சில்லா,” என்பார் எலியா. எங்களை யாரும் துரத்தவில்லை. நாங்களாகக் கப்பலேறினோம். அதனால்தான் அழுகை அதிகம் என்பார்.

பாத்திரம் இரண்டு ஜோடி. இறைச்சிக்குச் சிவப்புப் பொட்டு வைத்தவை. பாலுக்கு நீலப் பொட்டு. கலக்கவே கூடாது. இறைச்சி தின்றால் ஆறு மணி நேரம் பால் கூடாது. நான் ஒரு முறை ஊருக்கு வந்து திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிப் போனேன். போய்ச் சேர்ந்தது மதியம் ஒன்றரைக்கு. ஒரு மணிக்குத்தான் கோழி தின்றிருக்கிறார். பெட்டியைத் திறந்தேன். மூக்கை விரித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியை மேசையில் எதிரே வைக்கச் சொன்னார். ஏழு மணிவரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நடுவில் பத்து முறை மணி கேட்டார். சரியாக ஏழுக்கு முதல் கரண்டி. கண்ணில் தண்ணீர். “இத்ரயும் நேரம் நீ என்னை நோக்கி சிரிச்சு, பட்டாளம்,” இவ்வளவு நேரம் என்னைப் பார்த்துச் சிரித்தாய் என்று திட்டினார்.

குளிர்காலத்தில் அவர்களுக்கு விளக்குப் பண்டிகை. எட்டு நாள். எண்ணெயில் பொரித்ததைத் தின்ன வேண்டும். மற்ற வீடுகளில் வேறு பலகாரம். எலியா கேட்டது நெய்யப்பம். நம் வீட்டில் கார்த்திகைக்கு அப்பம் சுடுகிற அதே வாரம். நான் சுட்டேன். மிரியத்துக்குப் பத்து கொடுத்தோம்.

பிறகு வசந்தத்தில் பஸ்கா. அதற்கு அரிசியை மணி மணியாகப் பார்த்துப் பொறுக்குவார். மாதக்கணக்கில். புளித்த மாவு ஒரு துணுக்கு வீட்டில் இருக்கக் கூடாது. அந்த வாரம் ரொட்டி இல்லை. மட்சா என்ற அப்பளம் மாதிரி ஒன்று. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து பதினெட்டு நிமிஷத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும். அடிமைகளாக இருந்தவர்கள் ஓடின ஓட்டத்தில் மாவு புளிக்க நேரம் இல்லையாம். கசப்புக் கீரை வைப்பார்கள். உப்புத் தண்ணீர் வைப்பார்கள், கண்ணீருக்கு. பேரீச்சம்பழத்தைச் சேறுபோல் அரைத்து வைப்பார்கள், செங்கல் சுமந்ததற்கு. எனக்குப் பொறுக்கவில்லை. ஓடியதை எல்லாம் எதுக்கு வருஷா வருஷம் தட்டில் வைக்கிறீர்கள், மறந்துவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டேன். “மறந்நால் பின்னே ஆரு பறயும்?” என்றார். மறந்தால் பிறகு யார் சொல்வது. அப்போது எனக்கு அது கிழவர் பேச்சு.

பிறகு போர் வந்தது. ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். பஸ் வந்தது. எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீட்டில் விளக்கு எரிந்தது. பிறகு ஐந்து. பிறகு இரண்டு. எலியா மறுத்தார். ஒரு முறை ஏறினேன், இனி ஏற மாட்டேன் என்றார். மிரியம் எலியா போகாததால் போகவில்லை. நான் மிரியம் போகாததால் போகவில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் போக எனக்கு வீடு இல்லை.

சத்தங்களை இனம் பிரிக்கப் படித்தோம். தொம் என்றால் நம் பக்கத்திலிருந்து போகிறது. விசில் என்றால் வருகிறது. கண்ணாடி மட்டும் அதிர்ந்தால் தூரம். மலைக்கு அந்தப் பக்கம் புகை எழும். அங்கேயும் வீடுகள். அங்கேயும் யாரோ ஒருத்தி அடுப்பில் எதையோ வைத்துவிட்டு ஓடியிருப்பாள். எலியா அந்தப் புகையைப் பார்த்தால் சாப்பிட மாட்டார்.

அதற்கு முன் எத்தனையோ சைரன். சமையல் நேரத்தில் வந்ததில்லை. வந்தபோதெல்லாம் அடுப்பு அணைந்திருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும்தான் எங்கள் வீட்டில் அடுப்பு இருபது மணி நேரம் எரியும். அந்த வெள்ளிக்கிழமை அது எரிந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை மதியம் மிரியம் வந்தாள். உடைந்த கண்ணாடிமேல் நடந்து வந்தாள். எலியாவை எடுத்துப் போய்விட்டார்கள். ஓய்வு நாளில் அடக்கம் இல்லை. ஞாயிறுவரை காத்திருக்க வேண்டும். பானை அடுப்பில் அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. அவள் மூடியைத் திறந்தாள். அரிசி அடியில் பொன்னிறம் பிடிக்காமல் வெளிறிக் கிடந்தது. ஒரு முட்டையை எடுத்தாள். உரித்தாள்.

வெள்ளையாக இருந்தது.

அடுப்பின் குமிழைப் பார்த்தாள். அணைத்த நிலையில் இருந்தது. என்னைப் பார்த்தாள். எழுபத்தைந்து வருஷம் வெள்ளிக்கிழமைப் பானை வைத்தவள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முட்டையைத் திரும்பப் பானைக்குள் வைத்தாள். மூடினாள். போய்விட்டாள். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிறு பகல் பதினொன்றுக்கு அடக்கம். எலியாவின் ஒரே மகள் ஷோஷானா. நாற்பத்தாறு வயது. நகரத்தில் பள்ளி ஆசிரியை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். துக்க வீட்டில் முதல் சாப்பாடு சொந்த வீட்டுச் சாப்பாடாக இருக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார் கொண்டுவர வேண்டும். நம் ஊரிலும் அப்படித்தானே. சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அங்கே கொண்டுவருவது அவித்த முட்டையும் பருப்பும். உருண்டையாக இருக்க வேண்டும். துக்கம் சக்கரம் மாதிரி எல்லா வீட்டுக்கும் உருண்டு வரும் என்பதற்கு. அந்த முழுப் பருப்பில் பிளவு இல்லை, வாய் இல்லை. துக்கக்காரனுக்கும் வாய் இல்லை. எலியா ஒரு தடவை சொல்லிக் கொடுத்தது.

மிரியம் முட்டை கொண்டுவந்தாள். தன் பானையில் ராத்திரி முழுக்கக் கிடந்த பழுப்பு முட்டை. ஷோஷானா ஒன்றை உரித்தாள். இரண்டாக வெட்டினாள். பாதியை என்னிடம் நீட்டினாள். “நீயும் உட்கார். நீ கதவைப் பிடித்தவன்,” என்றாள். சாஸ்திரப்படி நான் துக்கக்காரன் இல்லை. கூலிக்கு வந்தவன். இருந்தும் தந்தாள். சுற்றி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிரியம் தரையைப் பார்த்தாள்.

நான் வாங்கித் தின்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்தப் பாதி முட்டை இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது.

ராஜபாளையம் வந்தேன். மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. மில்லில் நாளுக்கு நாலு சங்கு. முதல் நாள் காலைச் சங்குக்கே கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். எதிர்வீட்டார் பேந்தப் பேந்தப் பார்த்தார்கள். வேறு வீடு பார் என்றாள் அக்கா பேச்சியம்மாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போவாள்.

“ஏலே, எம்புட்டு நாளைக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலைவ? அவிய ஒனக்கு என்ன மாமனா மச்சானா? தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு கும்பிட்டுட்டு கெடப்பியா.”

போனது தலைப்பாகை இல்லை அக்கா, ஒரு தலை. மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவளுக்குக் காப்பி போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப் போனாள். பெருமாள் முன்னால் நின்றேன். எதுவும் கேட்கவில்லை. அய்யனார் கோவில் அருவியில் குளித்துவிட்டு வந்தால் பித்தம் தெளியும் என்றாள். போனேன். விழுகிற தண்ணீரின் சத்தத்துக்குக் கீழே நிற்க முடியவில்லை. திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தால் கை தானாகப் பானையைத் தேடும். சின்னப் பானை ஒன்று வாங்கினேன். சூரியன் விழும் முன் ஏற்றிவிடுவேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு வைத்தாலும் மிஞ்சும். சனி தின்பேன். ஞாயிறு தின்பேன். பக்கத்து வீட்டில் கொடுத்தால் என்னண்ணே இது கருத்த முட்டை என்று ஒதுக்கிவிடுவார்கள். தனியாக உட்கார்ந்து தின்பது இருக்கிறதே, அதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

வெள்ளிக்கிழமைதான் ஷோஷானாவின் போன் வரும். அவளுக்கு அப்பாவின் பானை வைக்கத் தெரியாது. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். கொச்சிப் பானையின் கணக்கு இப்போது உலகத்தில் என் ஒருவனிடம்தான் இருக்கிறது. ஒரு தமிழன், பட்டாளத்துச் சமையல்காரன், அவன் கையில். முதல் வாரம் தீய்ந்தது என்றாள். அடுத்த வாரம் தண்ணீர் அதிகம் என்றாள். உடைந்த எபிரேயத்தில் சொல்லிக் கொடுப்பேன். இஞ்சியை நசுக்கு, அரைக்காதே. மல்லியைக் காம்போடு போடு. பன்னிரண்டாவது வாரம் பானையைக் காமெராவில் காட்டினாள். அடியில் பொன்னிறம். அழுதாள். “கதவைப் பிடித்த கைதான் அப்பாவின் பானையையும் பிடித்து வைத்திருக்கிறது,” என்றாள். நான் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

முதல் நினைவு நாள் நெருங்கியது. அப்பா பிறந்த தெருவைப் பார்க்கக் கொச்சிக்கு வருகிறேன் என்றாள். அங்கிருந்து செங்கோட்டை வழி ரயிலில் உன் ஊருக்கும் வருவேன் என்றாள். வெள்ளிக்கிழமை. உன் கையால் அந்தப் பானை வேண்டும் என்றாள்.

புதுப் பானை வாங்கினேன். புது அகப்பை. பழைய பாத்திரம் எதுவும் படக் கூடாது. கோழிதான் சிக்கல். கறிக்கடை பாயிடம் போனேன். எனக்குப் பழக்கமான மனிதர்.

“அவியளும் பேரு சொல்லித்தான் அறுப்பாகன்னு கேள்வி. அப்ப நம்ம கோழி ஆகாதாண்ணே?”

“ஆகாது பாய். கத்தி வேற, அறுக்கிற ஆளு வேற. அவுகளுக்குன்னு தனி முறை இருக்கு.”

“சரி விடுங்க. முட்டை ஆகும்ல? அத யாரும் அறுக்கலையே. வெளிச்சத்துல பாத்து நல்லதா நாலு தாரேன்.”

கோழி இல்லாத ஹமீன். அரிசி, கொண்டைக்கடலை, சேனைக்கிழங்கு, இஞ்சி, மல்லி, முட்டை நாலு. நாலு மணிக்கு ஏற்றினேன். பிறகு ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் இறங்கினாள். தலை அதிகம் நரைத்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் பால்கோவாவை நீட்டினேன். இறைச்சி தின்றிருக்கவில்லை, அதனால் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அப்பா ஏழு மணிவரை பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்த கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு ஆள் சிரிக்கிற சத்தம்.

நான் அடுப்புப் பக்கம் நிற்கிறேன். அவள் கதவுப் பக்கம், தரையில். கொண்டுவந்த மெழுகுவர்த்தியைத் தட்டில் ஒட்டவைக்கிறாள்.

ஐந்தரை. மில் சங்கு.

கை போய்விட்டது. குமிழைத் திருகியது. நெருப்பு போனது. அதற்குப் பிறகுதான் ஓடினேன். கதவுக்கு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மூச்சு வாங்குகிறது. சங்கு நின்றது. தெருவில் சைக்கிள் மணி. ஷிப்ட் முடிந்து ஆட்கள் சிரித்துக்கொண்டு போகிறார்கள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையை. கைப்பிடியில் இருந்த கையை.

“முதலில் அடுப்புக்குப் போனாய்,” என்றாள்.

“ஆமாம்.”

“அன்றைக்கும்?”

“அன்றைக்கும்.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு விநாடி. பதினெட்டு விநாடி. அவள் அப்பா கத்தியது. வெள்ளை முட்டை. மிரியம். எபிரேயத்தில் பாதிக்கு வார்த்தை வரவில்லை. தமிழில் சொன்னேன். அப்பாவின் மலையாளம் கேட்டு வளர்ந்தவள், அவளுக்குப் புரிந்தது.

எழுந்து வெளியே போனாள். வாசலில் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. ஆறு ஐந்துக்குச் சூரியன் விழும். பிறகு அவளால் நெருப்பு மூட்ட முடியாது. நான் மூட்டலாம்தான். மூட்டக் கை வரவில்லை. இந்தக் கைக்கு அந்த உரிமை இல்லை என்று தோன்றியது. பானை ஆறிக்கொண்டிருந்தது. ஐந்து நாற்பது. ஐந்து நாற்பத்தெட்டு. மலைப்பக்கம் சிவந்தது. வெளியே போய் அவள் காலில் விழலாமா என்று நினைத்தேன். அது அவளைக் கட்டிப்போடுவது. நின்றேன்.

ஐந்து ஐம்பத்தொன்று. உள்ளே வந்தாள். தீப்பெட்டியை எடுத்தாள். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவதில் அடுப்பைப் பற்றவைத்தாள். தீயைக் குறைத்தாள். மூடியைச் சரி செய்தாள். அதன் பிறகு மெழுகுவர்த்தி இரண்டு. கையால் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

சனி மதியம் பானையைத் திறந்தோம். முட்டை பழுப்பு. ஆளுக்கு இரண்டு. அவள் என் தட்டில் ஒரு முழு முட்டையை வைத்தாள். பாதி அல்ல. என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. தின்றோம்.

ஞாயிறு ஸ்டேஷனில் சொன்னாள். “ஒரு வருஷம் உன்மேல் கோபப்பட எனக்கு உரிமை இருந்தது. அதை நீ எடுத்துக்கொண்டாய். இனி இன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியவில்லை.” ரயில் வந்தது. ஏறினாள். சன்னல் பக்கம் வரவில்லை. நியாயம்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் உப்பையும் தின்று, பொய்யையும் அதே தட்டில் வைத்தவன்.

இன்று வெள்ளி. ஐந்தரைச் சங்கு ஊதியது. கை போனது. மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். அடுப்பு எரிகிறது.

போனவற்றை எழுதுகிறேன்.

எலியா. என் தவறால்.

மிரியம். குண்டால் அல்ல. நகரத்து முதியோர் இல்லத்தில், நான்கு மாதம் கழித்து. அங்கே பானை வைக்க விடவில்லையாம்.

எங்கள் தெருவில் இருபது வீட்டுச் சனிக்கிழமை வாசனை. யார் திரும்பினார்கள், எனக்குத் தெரியாது.

மலைக்கு அந்தப் பக்கம் போனவர்கள். எண்ண என்னால் முடியாது. யாராவது எண்ண வேண்டும்.

என் இடது காது.

ஒரு வருஷம், ஷோஷானாவுடையது.

வெள்ளிக்கிழமைப் போன். அவள் ரயில் ஏறியதிலிருந்து வராதது இன்றோடு ஏழு.

பானையில் இரண்டு முட்டை போட்டிருக்கிறேன். நாளை மதியம் ஒன்று மிஞ்சும்.